முடிச்சுப் போட்ட கன்றுகள்

வாழையைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒரே ஆளை மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஒன்றுமே தெரியாத நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்தோம். நான் பார்த்த கிராம சேவக் உத்தியோகத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள், "உங்க காலத்துல எல்லாம் சேவை மனப்பான்மை இருந்துச்சாமே சார்" என்று கேட்கிறார்கள். யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் சைக்கிள் இருந்தது, காக்கிப் பை இருந்தது, மாதாமாதம் மேலே அனுப்ப ஒரு ரிப்போர்ட் இருந்தது. மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. முதல் நாள்

நான் உறையூர்க்காரன். அப்பா டவுனில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. வாழை மரத்தை நான் அதுவரை கல்யாண வீட்டு வாசலில்தான் கிட்டத்தில் பார்த்திருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டிரெய்னிங்கும் முடித்து, இருபத்து மூன்று வயதில் ஸ்ரீரங்கம் தீவில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஐந்து கிராமங்களுக்கு என்னை கிராம சேவக்காகப் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாழை போடுகிறவர்களுக்கு வாழை போடக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

முதல் செயல்விளக்கம் கருப்பண்ணன் என்பவர் தோட்டத்தில். முக்கால் காணி, முழுக்கப் பூவன். பக்கக் கன்று நீக்குவது எப்படி என்று நான் காட்ட வேண்டும். வாழை தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு வாழை ஒரு தார்தான் தரும். தார் வெட்டியதும் அந்த மரத்தின் கதை முடிந்தது. ஆனால் அதன் அடியில் நாலைந்து கன்று முளைத்திருக்கும். எல்லாவற்றையும் விட்டால் தாயின் சத்தை உறிஞ்சித் தார் சிறுத்துவிடும். அதனால் ஒரே ஒரு கன்றை நிற்கவிட்டு, மற்றதை அறுத்துவிட வேண்டும். நிற்கிற அந்த ஒன்றுதான் அடுத்த வருஷத்து மரம். அதற்கு மறுதாம்பு என்று பெயர். மறுதாம்பு நின்றால் பழைய கட்டையைத் தோண்டி, புதுக் குழி வெட்டி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுகிற வேலை எதுவும் கிடையாது.

இதையெல்லாம் புஸ்தகத் தமிழில் பேசி முடித்துவிட்டு, ஒரு மரத்தடியில் குனிந்து, அகலமாகப் பச்சென்று இலை விட்டிருந்த கன்றைத் தொட்டு, "இதை விட்டுவிட்டு மற்றதை அகற்ற வேண்டும்" என்றேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பினால், பத்து வயது இருக்கும், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கையில் சின்ன அரிவாளோடு ஒரு பெண்.

"அது நீர்க்கன்னு சார். எல அகலமா இருந்தா கெழங்கு சின்னதா இருக்கும். காத்தடிச்சா படுத்துக்கும். அதோ, எல குச்சியா ஈட்டி மாரி இருக்கு பாருங்க, அதத்தான் விடணும்."

கருப்பண்ணன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "எம் பொண்ணு சார், அஞ்சல. கன்னு விஷயத்துல அவ சொல்றதுதாங்க எங்களுக்கும்" என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி இல்லை. அன்றைய டயரியில் 'செயல்விளக்கம் வெற்றிகரமாக நடைபெற்றது' என்று எழுதினேன்.

2. அஞ்சலையின் வேலை

அந்த வீட்டில் நாலு பேர். கருப்பண்ணன், அவர் மனைவி, அஞ்சலை, அவளுக்கு ஒரு வயது இளைய தம்பி தங்கராசு. நாலு பேருக்கும் வேலை உண்டு. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. விடிந்தால் தங்கராசு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவான். அஞ்சலை மரத்தில் தொங்குகிற சருகை உரிப்பாள், வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்தால் மடையைத் திருப்புவாள், ஸ்ரீரங்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகிற இலையை அடுக்கிக் கட்டுவாள். பத்து மணிக்குப் பள்ளிக்கூடம்.

இதில் கன்று பார்ப்பது மட்டும் முழுக்க அவள் பொறுப்பு. மரம் பூத் தள்ளியதும் ஒவ்வொரு தூராகக் குனிந்து பார்த்து, எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, அந்தக் கன்றின் ஓர் இலை நுனியை முடிச்சுப் போட்டுவிடுவாள். பின்னால் அரிவாளோடு வருகிற அம்மா முடிச்சு இல்லாததை எல்லாம் அறுத்துக்கொண்டு வருவாள். அறுத்தது இருபது நாளில் மறுபடி துளிர்க்கும். மறுபடி அறுக்க வேண்டும். தார் வெட்டுகிற வரை இதே பாடுதான்.

பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்து உருகுகிற ஆள் நான் இல்லை. அவளுக்கு அது விளையாட்டும் இல்லை. மடை திருப்புகிற நாளில் பள்ளிக்கூடம் கிடையாது என்பது அந்த வீட்டுச் சட்டம். தங்கராசுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஆடு மேய்த்த நேரம் போக அவன் வாய்க்காலில் மீன் பிடிப்பான். 'மடை திருப்ப ஏன் அவனை விடக் கூடாது' என்று ஒருமுறை கேட்டதற்கு, 'அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார்' என்றார் கருப்பண்ணன். ஒன்றும் தெரியாமல் இருப்பது எவ்வளவு வசதி என்று ஆபீஸ் வாசிகளான எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வருஷம் அஞ்சலை ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்க ஸ்ரீரங்கத்தில் பெண்கள் ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும், போக வர நாலு மைல் நடை. போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கருப்பண்ணன் யோசித்து ஒரு வாக்குக் கொடுத்தார். மறுதாம்பு நன்றாக நின்றுவிட்டால் அடுத்த வருஷம் தோட்டத்தில் வேலை பாதிதான், அவரும் மனைவியும் சமாளித்துக்கொள்வார்கள், அவள் போகலாம். நிற்காமல் புதுசாக நட வேண்டி வந்தால் அவள் கை இல்லாமல் முடியாது, வீட்டில் இருக்க வேண்டியதுதான். அந்தப் பெண் எந்தக் கவனத்தோடு ஒவ்வொரு முடிச்சையும் போட்டிருப்பாள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

3. சுற்றறிக்கை

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தலைப்பு, 'குடும்பப் பண்ணையின் அன்றாட வேலைகளில் சிறுவர்களை ஈடுபடுத்துதல்.' ஈடுபடுத்த வேண்டுமாம். என்னுடைய ஐந்து கிராமங்களில் வேலையில் ஈடுபடாத பிள்ளை ஒன்றைக் காட்டினால் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்து நாலு சித்திரை வீதியும் சுற்றி வந்திருப்பேன்.

எங்கள் வட்டார வளர்ச்சி அதிகாரி, அதாவது பி.டி.ஓ.வுக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை. உழைப்பின் பெருமை பற்றிப் பேசுவதில் அவருக்கு அலாதி ருசி. அவருடைய பையன் கன்டோன்மென்ட்டில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தான். ஒருநாள் ஜீப்பில் அவனை அழைத்து வர நானும் போனபோது, ஷூவின் கயிறு அவிழ்ந்திருந்தது. பியூன் குனிந்து கட்டினார். பையன் காலை நீட்டிக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தான். உழைப்பின் பெருமை எல்லாம் அடுத்தவன் பிள்ளைக்கு.

'சிறுவர் பண்ணை மன்றம்' ஒன்று ஆரம்பிக்க உத்தரவாயிற்று. பன்னிரண்டு உறுப்பினர்கள், எல்லோரும் பையன்கள். அஞ்சலையைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். "பாரத்துல சிறுவன்னுதான்யா போட்டிருக்கு. பொம்பளப் புள்ளைங்களுக்கு கிராம சேவிகா ஊறுகாய் போடச் சொல்லித் தருவாங்க" என்றார். நான் தங்கராசு பெயரை எழுதிக்கொண்டேன். ஒன்றும் தெரியாதவன் என்று அவன் அப்பாவே சான்று கொடுத்த பையன்.

மாசி மாதத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. அவருக்குக் காட்ட மன்றத்தின் போட்டி ஒன்று வேண்டும். கருப்பண்ணன் தோட்டம் ரோட்டை ஒட்டி இருந்தது, ஜீப் உள்ளே வரை போகும். அந்தத் தகுதியால் அது தேர்வானது. போட்டி, பக்கக் கன்று நீக்குவது. யார் அதிகம் வெட்டிக் குவிக்கிறானோ அவனுக்கு எவர்சில்வர் டம்ளர்.

வெறுமனே அறுத்தால் புதுமை என்ன இருக்கிறது? பி.டி.ஓ. ஏதோ ஒரு பிரசுரத்தில் படித்திருந்தார். கன்றைத் தரையோடு அறுத்து, குருத்தின் நடுவில் ஒரு கரண்டி மண்ணெண்ணெய் விட்டால் அது மறுபடி துளிர்க்கவே துளிர்க்காது. பொய் இல்லை, அது செத்தேதான் போகும். ஒரு டின் மண்ணெண்ணெய் வந்து இறங்கியது.

கருப்பண்ணனுக்கு இதில் துளியும் இஷ்டம் இல்லை. ஆனால் பம்ப் செட்டுக்கு அவர் போட்ட மனு பி.டி.ஓ. மேஜையில் கிடந்தது. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "முடிச்சுப் போட்டத மட்டும் தொடாம பாத்துக்குங்க சார்." நான் ஆச்சு என்றேன். அஞ்சலையையும் கூப்பிட்டு, என் பொறுப்பு என்றேன். இவ்வளவு சுலபமாக நான் வேறு எந்த வாக்கையும் கொடுத்ததில்லை.

4. போட்டி

காலையிலேயே பையன்களை வரிசையாக நிறுத்தி, முடிச்சு உள்ள கன்றைத் தொடக் கூடாது என்று மூன்று தரம் சொன்னேன். பாதிப் பையன்கள் வாழைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். சொல்லவே வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும். ஆளுக்கு ஓர் அரிவாள், ஒரு கொட்டாங்குச்சி, ஒரு கரண்டி. கொட்டாங்குச்சியில் எண்ணெய் தீர்ந்தால் வாய்க்கால் ஓரப் புங்க மரத்தடிக்கு ஓடி வந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அங்கே நிரப்பிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பெண் பிள்ளைக்கு ஏற்ற வேலை என்று அஞ்சலையை உட்கார வைத்தார்கள். தோட்டத்தின் இந்தக் கோடியில் பந்தல், நாற்காலி, இளநீர்.

மெட்ராஸ் அதிகாரி வந்தார். மாலை போட்டோம். பி.டி.ஓ. அவரை முதல் வரிசைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கன்றின் இலை நுனியில் முடிச்சு. அடுத்ததிலும் முடிச்சு.

"என்னய்யா இது, எலைக்கெல்லாம் முடிச்சு? திருஷ்டியா?" என்று பி.டி.ஓ. என்னைக் கேட்டார். மெட்ராஸ் பெரியவர் புன்னகை செய்தார். பெரியவர் புன்னகை செய்ததைப் பி.டி.ஓ. பார்த்துவிட்டார். அதோடு அவரைப் பிடிக்க முடியவில்லை. பையன்களைப் பார்த்துத் திரும்பி, இலைக்கு முடிச்சுப் போட்டால் பேய் ஓடும் என்று நம்புகிற காலம் மலையேறிவிட்டது என்று ஒரு பிரசங்கம் செய்தார். அறியாமை, விஞ்ஞானம், நாளைய பாரதம் எல்லாம் அதில் வந்தன. கடைசியில், "முடிச்சுப் போட்டதத்தான் மொதல்ல வெட்டணும். ஒரு கன்னு நிக்கக் கூடாது. எந்த வரிசைல நிக்குதோ அந்த வரிசைக்கு மார்க் கெடையாது" என்றார்.

நான் "சார், அது வந்து…" என்று ஆரம்பித்தேன். "இருய்யா, அப்புறம் பேசலாம்" என்றார். நான் இருந்தேன். அன்றைக்கு நான் செய்த வேலை மொத்தமும் அப்படி இருந்ததுதான்.

விசில் ஊதினார்கள். பையன்கள் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இது தப்பு என்று தெரியும். ஆனால் டம்ளரும் தெரிந்தது, ஆபீசரும் நின்றார். அரிவாள் இறங்கியது. இளநீர்த் தட்டோடு நின்ற கருப்பண்ணன் என்னைப் பார்த்தார். நான் பெரியவருடைய மாலையைப் பார்த்தேன்.

நாலு வரிசை முடிந்திருக்கும். அஞ்சலை புங்க மரத்தடியிலிருந்து ஓடி வந்தாள். மூச்சு இரைத்தது.

"சார், முடிச்சுப் போட்டதையும் வெட்டுறாங்க. நிறுத்தச் சொல்லுங்க சார்."

"தெரியும்மா. ஆபீசருங்க இருக்காங்கல்ல. நீ போயி ஒன் எடத்துல உக்காரு."

அவள் அழவில்லை. என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். திரும்பி நடந்து போய் டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு ஒன்றரை மணி நேரம் வெட்டித் தள்ளினார்கள். தோட்டத்தில் ஒரு கன்று பாக்கி இல்லை. கிராம முன்சீப் வீட்டுப் பையன் டம்ளர் வாங்கினான். பி.டி.ஓ. ஓர் அரிவாளை வாங்கி, அறுக்கிற பக்கம் தன்னை நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். கருப்பண்ணன் எல்லோருக்கும் இளநீர் சீவிக் கொடுத்தார். இரண்டு காயைக் கீழே போட்டார்.

5. டின்

ஜீப்புகள் போன பிறகு நான் சைக்கிளை எடுக்கப் போனேன். அஞ்சலை டின்னை இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்து வைத்தாள். தங்கராசு சற்றுத் தள்ளி வரப்பில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ஒங்க டின்னு."

காலி டின் என்று நினைத்து ஒரு கையால் தூக்கினேன். தோள் இறங்கியது. முக்கால் டின்னுக்கு மேல் அப்படியே இருந்தது.

"தண்ணியா ஊத்திக் குடுத்த?" என்றேன்.

"மொதல்ல எண்ணெதான் குடுத்தேன். நீங்க போயி உக்காருன்னு சொன்னீங்கல்ல, அதுக்கப்புறம் வாய்க்காத் தண்ணி. கொட்டாங்குச்சில சீமெண்ண வாசன இருந்துச்சு. ஒருத்தரும் பாக்கல."

தங்கராசு வரப்பிலிருந்தபடியே, "நான் பாத்தேன்" என்றான். யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னான். ஒன்றும் தெரியாத பையன் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் விட்ட கன்று சாகாது. தரையோடு அறுத்தாலும் கிழங்கில் உயிர் இருக்கும், துளிர்க்கும். மண்ணெண்ணெய் விட்டது முதல் நாலு வரிசை மட்டும்தான். இந்தச் சந்தோஷம்தான் எனக்கு முதலில் வந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. முதலில் வந்தது, இந்த டின்னை ஆபீசில் என்ன சொல்லித் திருப்பிக் கொடுப்பது என்கிற பயம். டின்னை அவர்கள் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனேன். பங்குனியில் ஊர்க் காளியம்மன் திருவிழாவுக்கு மூன்று ராத்திரியும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் நிறுத்தாமல் எரிந்தன. யார் உபயம் என்று பூசாரியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலி டின்னை ஆபீசில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

6. விசாரணை

ஐந்து வாரம் கழித்து, வெற்றியை மறுபடி போட்டோ எடுக்க பி.டி.ஓ. வந்தார். முதல் நாலு வரிசையில் மரத்தடி வழுவழுவென்று மொட்டையாக இருந்தது. அதைத் தாண்டித் தோட்டம் முழுக்க, ஒவ்வொரு தூரிலும் முழங்கால் உயரத்துக்குக் கன்று. அஞ்சலை மறுபடி கழித்து, மறுபடி ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

பி.டி.ஓ.வுக்கு முகம் சிவந்தது. "எண்ணெய என்னய்யா பண்ணின, வித்துட்டியா?" என்றார். பின்னால் கருப்பண்ணன் குடும்பத்தோடு நின்றார். உண்மையைச் சொன்னால் பம்ப் செட்டு மனு போய்விடும், பிள்ளைக்கும் திட்டு விழும். அதனால் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் பலரிடம் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பாதி நிஜம். மீதிப் பாதி, என் வேலை போய்விடும்.

"மண்வாகா இருக்கும் சார்" என்றேன். "இது வண்டல். ரோட்டோரம் நாலு வரிசை மட்டும் கெட்டி மண்ணு."

சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது. ஆனால் அவருக்கும் மெட்ராஸுக்கு ஏதாவது எழுதியாக வேண்டும். சற்று யோசித்தார். 'காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட வண்டல் நிலத்தில் மண்ணெண்ணெய் முறை பலன் தரவில்லை என்பது பரிசோதனையில் கண்டறியப்பட்டது' என்று ரிப்போர்ட் தயாரானது. நான்தான் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஒரு பெண் பிள்ளை வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றியதை விஞ்ஞானமாக்கிய பெருமை எங்கள் இலாகாவைச் சேரும். ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ரிப்போர்ட்டால் மற்ற கிராமங்களுக்கு மண்ணெண்ணெய் டின் போகவில்லை. எங்கள் ஆபீஸ் அந்த வருஷம் செய்த ஒரே நன்மை அதுதான், அதுவும் பொய்யால்.

7. எண்பத்தேழு குழி

தார் வெட்டி முடிந்த பிறகு கருப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். மறுதாம்பு நின்றுவிட்டது, இனி அஞ்சலை ஹைஸ்கூலுக்குப் போவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் வேறு சொன்னார்.

"நாலு வரிசை செத்துப் போச்சே சார். எண்பத்தேழு தூரு. கட்டயத் தோண்டி, குழி வெட்டி, கன்னு வச்சு, தண்ணி ஊத்தணும். பாப்பா இந்த வருஷம் இருக்கட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்பது எந்த வருஷம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அஞ்சலை வாசலில் இலை கட்டிக்கொண்டிருந்தாள். கை ஒரு நிமிஷம் நின்றது, பிறகு கட்டினாள். எனக்குக் கருப்பண்ணன் மேல் வந்த கோபம் கொஞ்சம் இல்லை. தோட்டத்தில் பெரும் பங்கைக் காப்பாற்றிக் கொடுத்த பிள்ளைக்கு, செத்த நாலு வரிசையைத் தண்டனையாகக் கொடுக்கிற நியாயம் எந்த ஊர் நியாயம்? ஆனால் அந்த நாலு வரிசையைக் கொன்றது யார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் கோபம் எங்கே நின்றிருக்கும்? அவர் கேட்கவில்லை. அந்த மனுஷர் கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

"நான் நட்டுத் தரேன்" என்றேன்.

அவர் சிரித்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. எனக்கே சிரிப்பு வந்திருக்கும், வேறு ஒருவன் சொல்லியிருந்தால். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் போய் நின்றேன்.

ஏழு ஞாயிறு. முதல் ஞாயிறு ஆறு குழிதான் முடிந்தது. இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்து, சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியாமல் உருட்டிக்கொண்டு உறையூர் போனேன். ஒரு வருஷமாகக் குழியின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்த வாய் என்னுடையது. ஒரு குழி எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கவில்லை. நாலாவது ஞாயிறு முதல் தங்கராசு மீன் பிடிப்பதை விட்டுவிட்டுத் தண்ணீர் சுமந்தான். கருப்பண்ணன் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பழைய கட்டைகளைத் தோண்டிக் கொடுத்தார். அஞ்சலை, நன்றாக நிற்கிற தூர்களிலிருந்து நல்ல கன்றாகப் பார்த்துப் பெயர்த்து வந்து தருவாள். நான் வைப்பேன். நான் வைத்ததில் பாதியைப் பிடுங்கி மறுபடி வைக்கச் சொல்வாள்.

"தாய்க்கட்டைலேர்ந்து வெட்டின வாய் எல்லாம் ஒரே பக்கம் பாக்கணும் சார். அப்பதான் தாரெல்லாம் ஒரே பக்கம் சாயும், முட்டுக் குடுக்க லேசா இருக்கும்."

இது எங்கள் டிரெய்னிங்கில் இல்லை.

கடைசி ஞாயிறு, எண்பத்தேழாவது குழியில் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, கன்றை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலேயே கேட்டாள்.

"அன்னைக்கு நான் வந்து சொன்னேன்ல சார். ஒங்களுக்கும் தெரியும்னு சொன்னீங்க. அப்பறம் ஏன் சொல்லல?"

"ஆபீசர் இருந்தாரும்மா."

"ஆபீசருக்கு வாழை தெரியுமா?"

"தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியும்ல?"

மண்ணை மிதித்தேன். மிதித்த மண்ணையே மறுபடி மிதித்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போதும் சார், ரொம்ப இறுகினா வேர் ஓடாது என்று சொல்லி எழுந்து போனாள்.

ஆனி மாதம் அவள் ஹைஸ்கூலில் சேர்ந்தாள். பம்ப் செட்டும் வந்தது. மன்றம் அந்த வருஷத்தோடு முடிந்தது. பி.டி.ஓ.வுக்குப் பிரமோஷன் வந்து, விழாவில் உழைப்பின் பெருமை பற்றிப் பேசினார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். அது அந்த உத்தியோகத்தின் பழக்கம், ஒரே நாளில் போகாது.

பிள்ளைகளைப் பண்ணை வேலையில் ஈடுபடுத்துவது எப்படி என்று இப்போதும் துண்டுப் பிரசுரம் போடுகிறார்கள். என்னிடம் முன்னுரை கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன், போடவில்லை. அதில் இவ்வளவுதான் இருந்தது. ஒரு வீட்டில் நுழைந்தால், அங்கே பிள்ளை என்ன வேலை செய்கிறது என்று முதலில் அந்தப் பிள்ளையையே கேளுங்கள். அது சொன்னதைப் பெரிய அதிகாரி எதிரில் நின்றாலும் உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள். முடியாதென்றால் ஒரு மண்வெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எண்பத்தேழு குழி ஆனது.